மூணாவது சாட்சி

ஏனுங்க, சித்த அக்கட்டால திரும்பி உக்காந்துக்குங்க. ரோட்டைப் பார்த்த மாதிரி. ஆமாங்க, அப்படித்தான். ஃபேன் காத்தும் அங்கதான் நல்லா வரும். கோவிச்சுக்காதீங்க, ஆரு வந்தாலும் இதைத்தான் சொல்றது. வேலை செய்யறப்ப ஆராச்சும் பார்த்துட்டு இருந்தா எனக்கு ஓடாதுங்க. அதுக்குத்தான் குறுக்க இந்தப் பலகைத் தடுப்பு. உங்க மோட்டாருல காயில் சுத்தமாக் கருகிப் போச்சு. கம்பி பூராவும் எடுத்துப் போட்டுட்டு, புதுசாச் சுத்தி, வார்னிஷ் ஊத்திக் காய வைக்கோணும். மத்தியானம் தாண்டிரும்.

அந்தப் போட்டோவுங்களா. நாந்தானுங்க அது. சால்வை போர்த்தறவரு எங்க சாதிச் சங்கத் தலைவரு, ரத்தினசாமி. என்னத்துக்குப் போர்த்துனாருன்னு கேக்கறீங்க. சொல்லலாங்க. உங்களுக்குச் சொன்னா ஒண்ணும் ஆகாது. நீங்க வெளியூரு, மோட்டாரை ஏத்திட்டுப் போயிருவீங்க. உங்க மூஞ்சியும் இங்கிருந்து எனக்குத் தெரியல.

என்ற கை நடுங்குமுங்க. வலது கை. இப்ப இல்ல, இப்பத்தான் நீங்க ரோட்டைப் பார்த்துட்டு இருக்கீங்களே. ஆராச்சும் பார்க்கறாங்கன்னு தெரிஞ்சா நடுங்கும். மயிரு மாதிரி கம்பியை மோட்டாருக்குள்ள இருக்கற ஸ்லாட்டுப் பள்ளத்துல வரிசையா இறக்கறவன் நான். தனியா இருந்தா ஒரு கம்பி மேல இன்னொரு கம்பி ஏறாது. பக்கத்துல ஒரு ஆளு நின்னா முடிஞ்சுது.

பேங்குல ஆரம்பிச்சதுங்க. ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ஜன்னல்ல இருந்த புள்ள பார்த்துட்டு, "பழைய கையெழுத்தோட ஒத்து வரலீங்க, இன்னொருக்காப் போடுங்க"ன்னுது. பின்னால வரிசை. அத்தனை பேரும் என்ற முதுகைத் தாண்டிக் கையைத்தான் பார்க்கறாங்க. திரும்பிப் பார்த்தீங்களான்னு கேக்காதீங்க. திரும்பினா இன்னும் நல்லாப் பார்ப்பாங்கல்ல. ரெண்டாவது தடவை போட்டப்ப கை ஆடிப்போச்சு. அந்தப் புள்ள "செரிங்க"ன்னு வாங்கி வெச்சுக்கிச்சு. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. அதுலயே தெரியலீங்களா. ஆடலைன்னா ஏதாச்சும் சொல்லியிருக்கும். அடுத்த தடவை போறேன், "உக்காருங்க சார்"ங்குது. மத்தவங்களையும் உக்காரச் சொல்லுச்சுதான். ஆனா என்னைச் சொன்ன மாதிரி சொல்லலீங்க.

கோயமுத்தூருல ஒரு டாக்டரைப் பார்த்தேன். நரம்பெல்லாம் தட்டிப் பார்த்துட்டு, "கையில ஒண்ணுமில்ல, மனசுலதான். ஆருங்க உங்க கையை உத்துப் பார்க்கறாங்க, அவங்கவங்களுக்கு அவங்கவங்க பாடு"ன்னாரு. அதைச் சொல்றப்ப அவரு எங்க பார்த்தாருங்கறீங்க. என்ற கையைத்தான்.

அதுல இருந்து நானே சில ஏற்பாடு பண்ணிக்கிட்டேன். டீ அரை டம்ளர்தான் வாங்கறது, தளும்பாது. கல்யாண வீட்டுல கடைசிப் பந்தி. கையெழுத்துன்னா வீட்டுக்கு எடுத்துட்டு வந்து போட்டுட்டுப் போய்க் குடுக்கறது. ஆகவே ஆகாதுன்னா வலது கையை இடது கையால இறுக்கிப் புடிச்சுக்குவேன். புடிச்சா இன்னும் அதிகமா ஆடும். அப்ப இன்னும் இறுக்கிப் புடிக்கோணும். இத்தனையும் செய்யறதாலதான் வண்டி ஓடுதுங்க. இல்லீன்னா எப்பவோ மானம் போயிருக்கும்.

எதுத்தாப்புல செல்போன் கடை தெரியுதுங்களா, நீங்க பார்க்கற பக்கந்தான். அது அப்ப மோகன்ராஜோட எலக்ட்ரிக்கல் கடை. நானும் அவனும் ஐடிஐயில ஒண்ணாப் படிச்சவங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே சாதிதான். அவன் கடையில ஸ்விட்சு, ஒயரு, நான் இங்க மோட்டாரு. பதினோரு மணிக்கு அவன்தான் டீ வாங்கியாருவான். அவனுக்கு முழு டம்ளர், எனக்கு அரை டம்ளர். ஏன்டா அரைன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அவ்வளவு சிநேகம்.

தேவகின்னு ஒரு புள்ள. இங்க ஒரு ஆஸ்பத்திரி லேப்புல ரத்தம் எடுக்கற வேலை. வேற சாதி. எந்தச் சாதின்னு எதுக்குங்க, எங்களுக்கும் அவங்களுக்கும் ஆகாது, அவ்வளவுதான். மோகனுக்கும் அந்தப் புள்ளைக்கும் பிரியமாயிருச்சு. ரெண்டு வீட்டுலயும் முடியாதுன்னுட்டாங்க. ஒரு நாள் டீயோட வந்தவன் சொன்னான்.

"நாச்சி, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கறோம்டா. மூணு சாட்சி வேணும். ரெண்டு பேரு தேவகி கூட வேலை செய்யறவங்க. என்ற பக்கத்துக்கு நீ ஒருத்தன் போதும்."

"செரிடா."

"உங்கப்பாரு ஏதாச்சும் சொல்லுவாரா?"

"அவரு என்ன சொல்றது."

"அப்பறம் ஏன்டா மூஞ்சி இப்படிப் போகுது?"

"வெயிலுடா"ன்னேன்.

நான் சாதி பார்க்கறவன் இல்லீங்க. அதை முதல்லயே சொல்லிப்போடறேன். அவன் கேட்டப்ப எனக்குச் சாதி நெனப்பே வரல. பேனா நெனப்புத்தான் வந்துச்சு.

அந்தக் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முந்தியே நோட்டீஸ் ஒட்டிருவாங்களாம், ஆட்சேபணை இருந்தா சொல்றதுக்கு. ஆட்சேபணைக்காரங்க சும்மா இருந்தாங்களோ என்னமோ, எனக்கு அந்த ஒரு மாசமும் வேலைதான். ரிஜிஸ்டர் ஆபீஸ் எப்படி இருக்கும், மேசை எந்தப் பக்கம், ஆபீசரு உக்காந்திருப்பாரா நின்னுட்டிருப்பாரா, பேனா அவங்களுதா நம்மளுதா. நெனச்சு நெனச்சுப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவை நெனக்கறப்பவும் கை ஆடும். அப்ப நேருல எப்படி ஆடும்னு கணக்குப் பண்ணிக்குங்க.

வீட்டுல பழகிப் பார்த்தேன். தனியாப் போட்டா அச்சடிச்ச மாதிரி விழுகுது. என்ற சம்சாரம் சாந்தாமணியைக் கூப்பிட்டு, "நீ ஆபீசரு மாதிரி நின்னு என்ற கையைப் பாரு"ன்னேன். நின்னாள். போட்டேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது."

"நடுங்குச்சா?"

"கொஞ்சம்போல. கவனிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

பார்த்தீங்களா. கவனிச்சுப் பார்த்தாத் தெரியும். ஆபீசருன்னா கவனிச்சுப் பார்க்கத்தானே சம்பளம். பொறவு அவள் சொன்னாள், "உங்க சிநேகிதன்கிட்டயே சொல்லிப்போடுங்க, கை நடுங்கும்னு. அவரு என்ன நெனச்சுக்கப் போறாரு." பொம்பளைங்களுக்கு எல்லாம் லேசு. அவன்கிட்டச் சொன்னா, அப்பறம் டீ குடிக்கறப்பவெல்லாம் அவன் என்ற கையைப் பார்க்க மாட்டானா?

கடைசியா எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. நான் கை நடுங்கிக் கையெழுத்துப் போட்டா ஆபீசரு என்ன நெனப்பாரு? "என்னப்பா, உன்னை ஆராச்சும் மிரட்டிக் கூட்டியாந்தாங்களா"ன்னு கேப்பாரு. எனக்கு வாய் வராது. அவரு போலீசுக்குப் போன் பண்ணுவாரு. கல்யாணம் நின்னு போகும். அப்ப நான் போகாம இருக்கறதுதானே அவங்களுக்கு நல்லது. அந்த முடிவுக்கு வந்ததும் மனசு எவ்வளவு லேசாச்சுங்கறீங்க. கை அன்னிக்குப் பூரா ஆடவே இல்ல.

ஆனாலும் போனனுங்க. சொன்ன சொல்லு இருக்குதல்ல. கையில ஒரு கட்டுக் கட்டிக்கிட்டுப் போனேன், அடிபட்ட மாதிரி. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதுத்தாப்புல டீக்கடை. அங்க நின்னு ஒரு அரை டம்ளர் வாங்கிக்கிட்டேன். அப்பறம்தான் தோணுச்சு, என்ன அடின்னு கேட்டா என்ன சொல்றது. கட்டை அவுத்துப் பாக்கெட்டுல வெச்சேன். அவுத்தா கை ஆடுது.

ஆபீஸ் வாசல்ல மோகன் நின்னுட்டிருந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தேவகி பச்சைச் சேலை. ரெண்டு பேரும் ரோட்டு ரெண்டு பக்கத்தையும் பார்த்துட்டே இருந்தாங்க. போன் அடிச்சுது. அவன்தான். எடுத்தா "எங்கடா இருக்கே"ம்பான், எதுத்தாப்புலன்னு எப்படிச் சொல்றது. மறுபடி அடிச்சுது. அப்ப ஒரு பஸ் வந்து குறுக்க நின்னுது. ஏறிட்டனுங்க. அது எங்க போற பஸ்ஸுன்னு ஏறின பொறவுதான் பார்த்தேன்.

சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்துச்சு. "ஏன்டா?" அவ்வளவுதான். பதில் எழுத உக்காந்தேன். எழுதுனா ஒண்ணு பொய்யா இருக்குது, இல்லீன்னா கேவலமா இருக்குது. நாளைக்கு எழுதலாம்னு விட்டேன். மறுநாள், ஒரு நாள் தள்ளி எழுதுனா ஏன் நேத்து எழுதலைன்னு கேப்பானேன்னு விட்டேன். ஒரு வாரம் போச்சுன்னா அப்பறம் எழுதறது மரியாதையாவே இருக்காதுங்க.

கல்யாணம் நடந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன். மூணாவது ஆளு ஆரோ போட்டிருக்காங்க. ஆனா ஊருக்குள்ள பேச்சு வேற மாதிரி ஆயிருச்சு. நாச்சிமுத்து சாதியை விட்டுக் குடுக்கல, உசுருக்குசுரான சிநேகிதனுக்கே கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னுட்டான்னு. நான் எங்கீங்க நின்னேன், பஸ்ஸுல உக்காந்துதான் போனேன்.

அப்பத்தான் தலைவரு ரத்தினசாமி இந்தக் கடைக்கு வந்தாரு. நாலு பேரு கூட. அந்த பெஞ்சுலதான் உக்காந்தாரு, ஆனா இந்தப் பக்கம் பார்த்து.

"தம்பி, கேள்விப்பட்டேன். சிநேகிதமா, சனமான்னு வந்தப்ப சனந்தான்னு நின்னியே. உன்ற வயசுல ஆரு இருக்காங்க அப்படி?"

இல்லீங்க, அதுக்கில்லீங்கன்னா, அப்பறம் எதுக்குன்னு கேப்பாரு. நாலு பேரு இருக்காங்க. கையைத் துணியில தொடைச்சுட்டே நின்னேன். அவரு கூட வந்தவங்களைப் பார்த்து, "பாரு, பெருமை பேசறானா பாரு"ன்னாரு.

சங்கத்து ஆண்டு விழாவுல மேடையேறச் சொன்னாங்க. மாட்டேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். நாலு பேரும் என்ற மூஞ்சியவே பார்த்தாங்க, "செரிங்க"ன்னுட்டேன். விழாவுக்கு ஆயிரம் பேரு இருப்பாங்க. அன்னிக்குச் செத்தோம்னு நெனச்சுத்தான் போனேன். ஆனா பாருங்க, சால்வையைப் போர்த்துனதும் கை ரெண்டும் உள்ள போயிருச்சு. ஒருத்தருக்கும் தெரியல. அந்த மேடையில நின்ன மாதிரி நிம்மதியா நான் வேற எங்கயும் நின்னதில்லீங்க. ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. "வணக்கமுங்க, நன்றிங்க"ன்னேன். காரியத்துல காட்டறவன் வாயில காட்ட மாட்டான்னு தலைவரு மைக்குல சொன்னாரு. கை தட்டுனாங்க. அந்த நேரத்து போட்டோதான் அது.

பொறவு துணைத் தலைவராப் போட்டாங்க. "அதுல கையெழுத்துப் போடற வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா"ன்னு கேட்டுக்கிட்டேன். இல்லைன்னாங்க. செரின்னுட்டேன்.

இதுக்கு மோகன் என்ன நெனச்சானோ தெரியல. அவன் கடைக்கு நம்மாளுங்க போறதை நிறுத்திட்டாங்க. கட்டடக்காரரும் காலி பண்ணச் சொல்லிட்டாரு. சாமானை ஏத்தறப்ப நான் இந்தத் தடுப்புக்குள்ள இருந்தேன். ஒரு தடவை அவன் இங்க வந்து வாசல்ல நின்ன மாதிரி இருந்துச்சு. நான் ஒரு காயில் பாதியில வெச்சிருந்தேன், அதைப் பாதியில விட்டா கம்பி தளந்துரும். முடிச்சுட்டு எட்டிப் பார்த்தேன், வண்டி போயிருச்சு. திருப்பூருல கடை போட்டிருக்கான்னாங்க.

துணைத் தலைவருன்னா ஒரு வேலையும் இல்லீங்க, தலைவரு கூடப் போறதுதான். ஒருக்கா பக்கத்துல ஒரு கிராமத்துக்குப் போனோம், நம்ம சனத்துல ஒரு புள்ள வேற சாதி ஆளைக் கட்டறேங்குதுன்னு. நான் ஜீப்புலயே இருந்துட்டேன். கீழ எறங்கினா அத்தனை பேரு பார்ப்பாங்க. உள்ள தலைவரு பேசறது கேக்குது. "உசுரு சிநேகிதனுக்கே கையெழுத்துப் போடாத மனுசன் வெளிய வண்டியில உக்காந்திருக்கான், போய்ப் பாரு"ங்கறாரு. அந்தப் புள்ள ஜன்னலண்ட வந்து பார்த்துச்சு. அழுத கண்ணு. ரொம்ப நேரம் என்னையவே பார்த்துச்சு. நான் கை ரெண்டையும் தொடைக்கடியில வெச்சுக்கிட்டேன். அது பார்த்திருக்காதுன்னுதான் நெனக்கறேன். பொறவு அந்தப் புள்ளைக்கு வேற எடத்துல முடிச்சுட்டாங்கன்னு கேள்வி.

போன வருசம், வெயில் காலம். ஆருமில்லாத நேரத்துல ஒரு பொம்பளை இடுப்புல குழந்தையோட வந்து நிக்குது. மோட்டாருக்காரங்கன்னு பார்த்தா தேவகி.

"அண்ணா, நான் வந்தது அவருக்குத் தெரியாது. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்."

"உக்காரும்மா. அக்கட்டால பார்த்து"ன்னேன்.

உக்காரல. நேரா இந்தத் தடுப்பைச் சுத்தி உள்ள வந்துருச்சு. இதுவரைக்கும் ஆரும் வந்ததில்ல.

"எங்க வீட்டுல உங்களைப் பத்தி ஆரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசக்கூடாதுங்கறாரு. அவன் சாதிக்காக வராம இருந்திருக்க மாட்டான், வேற ஏதோ இருக்கும்ங்கறாரு. எங்கண்ணன் சமாதானமாகி வந்து, பேப்பருல வந்த இந்த போட்டோவைக் காட்டுனப்பவும் அதையேதான் சொன்னாரு. அந்த வேற ஏதோ என்னண்ணா? இருந்தாச் சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க, நான் போய் அவரைத் தேத்திக்கறேன்."

குழந்தை என்ற கம்பிச் சுருளைப் புடிச்சு இழுத்துச்சு. அதுக்கு மோகனோட நெத்தி. ஏன்னு தெரியல, சொல்லிட்டனுங்க.

"எனக்குக் கை நடுங்கும்மா. ஆராச்சும் பார்த்தா. அன்னிக்கு எதுத்தாப்புல டீக்கடையிலதான் நின்னேன். உள்ள வர முடியல."

அது குழந்தை கையில இருந்து கம்பியை எடுத்து வெச்சுது. அப்பறம், "அவ்வளவுதானாண்ணா?"ன்னுது.

"அவ்வளவுதான்."

"அன்னிக்கு நீங்க வருவீங்கன்னு மத்தியானம் வரைக்கும் நின்னோம். அப்பறம் இவரு போய் அந்த டீக்கடைக்காரரைத்தான் கூட்டியாந்தாரு. பாவம், வயசானவரு, அவருக்கு வெரலு ஒரு எடத்துல நிக்காது. பேரு எழுதறதுக்குள்ள கோடு தாண்டிப் போச்சு. ஆபீசரு பார்த்துட்டு அடுத்த பக்கம் திருப்பிட்டாரு. நானே நடுங்கித்தாண்ணா போட்டேன், எங்கண்ணன் வந்துருவானோன்னு. இவரு கையெழுத்து இவருக்கே அடையாளம் தெரியல."

அந்த டீக்கடைக்காரரு கையிலதானுங்க நானும் டீ வாங்கினேன். அவரு கை நடுங்குனதா எனக்கு நெனப்பே இல்ல. பார்க்கவே இல்ல, நான் என்ற கையைப் பார்த்துட்டிருந்தேன். அதனால அந்தப் புள்ள சொன்னது எவ்வளவு நெசம்னு தெரியல. எனக்கு ஆறுதலுக்குச் சொல்லியிருக்கும்.

"கையை நீட்டுங்க"ன்னுது. நீட்டினேன். மணிக்கட்டைப் புடிச்சுப் பார்த்துட்டு, "இப்ப ஒண்ணும் நடுங்கலையே"ன்னுது. லேப்புல வேலை செய்யற புள்ளைங்க. ஊசியைக் குத்தறப்பவே வலிக்காதும்பாங்க. அதை எப்படி நம்பறது.

போறப்ப சொல்லுச்சு, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கண்ணா. நானே அவருகிட்டச் சொல்லிடறேன். வேற ஆரும் வரல, நீங்க மட்டுந்தான். இலை போட்டு உக்கார வெச்சு உங்க கையை ஆரும் பார்க்க மாட்டோம்." சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. அது எந்தச் சிரிப்புன்னு நான் மூணு நாளு யோசிச்சேன். இதுவரைக்கும் மோகன் என்னைச் சாதி பார்க்கறவன்னு நெனச்சுட்டிருந்தான், இல்லை வேற ஏதோன்னு நெனச்சுட்டிருந்தான். ரெண்டும் பரவால்ல. சாதி பார்க்கறவன்னா ரோட்டுல தலை நிமிந்து போகலாம், நான்தான் போறனே. இனி அவனுக்குக் கை தெரிஞ்சு போச்சு.

ஆனாலும் போனனுங்க. சாந்தாமணி சட்டையெல்லாம் தேச்சுக் குடுத்து அனுப்பி வெச்சாள். கூட வர்றேன்னாள், நான்தான் வேண்டாம்னுட்டேன். திருப்பூருல எறங்கி, விசாரிச்சு, தெருவைக் கண்டுபுடிச்சுட்டேன். தெரு முக்குல ஒரு டிரான்ஸ்பார்மர். அதண்ட நின்னு, எந்த வீடுன்னு பார்த்தேன்.

மோகன் வெளிய கேட்டுல நின்னுட்டிருந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கான். புதுச் சட்டை. தெருவோட ரெண்டு பக்கமும் பார்க்கறதும், போனைப் பார்க்கறதுமா இருந்தான். அப்பத்தானுங்க எனக்கு வெளங்குச்சு. வேற ஆரும் வரல, நீங்க மட்டுந்தான்னு சொல்லிப்போட்டு, வேற ஆளையும் கூப்பிட்டிருக்காங்க. இல்லீன்னா எதுக்குங்க அவன் வெளிய நின்னு ரோட்டைப் பார்க்கறான்?

என்ற போன் அடிச்சுது. அவன் நம்பருதான். இப்படி இன்னொரு ஆளு வர்றாங்க, நீ வேறொரு நாள் வாடான்னு சொல்லத்தான் இருக்கும். சொல்ல அவனுக்கும் சங்கடமா இருக்குமல்ல. நாம எதுக்கு அவனைச் சங்கடப்படுத்தோணும்னு எடுக்கல.

தேவகி ரெண்டு தடவை வெளிய வந்து சாப்பிடக் கூப்பிட்டுச்சு. அவன் தலையை ஆட்டிட்டு அங்கயே நின்னான். நல்ல வெயிலு. குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டு அதுக்கும் ரோட்டைக் காட்டறான். நான் அந்த டிரான்ஸ்பார்மருக்குப் பின்னாலயே நின்னேன். வெகு நேரம். வர்றது ஆருன்னு பார்த்துட்டாவது போலாம்னு.

ஆரும் வரலீங்க. அவன் அசையவே இல்ல. அவனுக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஆளு போல.